சோசம்மாவும் உப்பிப்போன அலமாரியும்

என் வாய்க்கு ஒரு பூட்டு இருந்திருந்தால் சோசம்மாவுக்கு அந்த மூன்று வாரம் வந்திருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது நான் என் பக்க நியாயம் பேசுகிற மாதிரி இருந்தால் நம்ப வேண்டாம்.

கேரளத்தில் எங்கள் கும்பநாட்டைச் சுற்றி நாலு மைலுக்குள் பாதி வீடுகளில் பூட்டுதான் குடியிருக்கிறது. ஆட்கள் கனடாவிலும் அயர்லாந்திலும் குவைத்திலும் இருக்கிறார்கள். வீடு மட்டும் இங்கே இரண்டு மாடியும் ஐந்து குளியலறையுமாக மழையில் நிற்கும். அந்த வீடுகளுக்கு அலமாரி செய்து, மைக்கா ஒட்டிக் கொடுப்பது என் தொழில். மைக்கா சாம்குட்டி என்றால் கோழஞ்சேரிப் பாலம் வரைக்கும் தெரியும். அந்த வீடுகளில் சிலவற்றின் சாவிகள் சோசம்மாவிடம் இருந்தன. மொத்தம் ஒன்பது வீடு.

சோசம்மாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. புருஷன் மஞ்சள் காமாலையில் போனபோது மகளுக்கு நாலு வயது. அதிலிருந்து இருபது வருஷம் ரப்பர் வெட்டினாள். பெண்கள் ரப்பர் வெட்டினால் மரத்துக்கு ஆகாது என்று சொன்ன ஆட்களிடம், "மரம் வந்து உங்கிட்ட சொல்லுச்சா?" என்று கேட்டவள். அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகள் இருக்கிற நாட்டுக்குப் போனார்கள். பால் வடிக்க மரத்தில் கட்டிய சிரட்டைகளில் மழைத்தண்ணீர் நின்று கொசு பெருகியது. போகிறபோது, "சோசம்மே, மரத்த விடு, வீட்டப் பாத்துக்கோ" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்படித்தான் ஒன்று ஒன்பதாயிற்று.

எல்லாச் சாவியும் ஒரே மாதிரி இருப்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு நிறத் துணியைக் கிழித்துக் கட்டியிருப்பாள். எந்த நிறம் எந்த வீடு என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பூட்டிய வீட்டைத் திறக்கும் முன்னால் கதவை இரண்டு தட்டு தட்டுவாள். ஒரு நாள் நான் கேட்டேன்.

"உள்ள யாரு இருக்காங்கன்னு தட்டுற?"

"யாரும் இல்ல."

"பின்ன?"

"ஆளில்லாத வீடுன்னா சும்மா நொழஞ்சிரலாமா? நம்ம வீடாடா அது?"

உள்ளே போனால் நேரே ஜன்னல்கள். பிறகு தூசி. பிறகு குளியலறைகள். வெளிநாட்டுக்காரர்கள் போகும்போது மேல்தொட்டியின் வால்வை மூடிவிட்டுப் போவார்கள், எங்காவது ஒழுகினால் யார் பார்ப்பது என்று. அதனால் சோசம்மா கிணற்றிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் சுமந்து மாடி ஏற்றுவாள். தரையையும் சுவரையும் அடித்துக் கழுவி, ஒவ்வொரு சாக்கடை ஓட்டையிலும் இரண்டு குவளை ஊற்றுவாள். "ஓட்டையில தண்ணி வத்துனா கரப்பான் மேல ஏறி வரும்" என்பாள். மதியச் சோற்றை வெளியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தின்பாள். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு தின்பாள். உள்ளே நாற்பதாயிரம் ரூபாய் நாற்காலி இருந்தாலும் உட்கார மாட்டாள். இதையெல்லாம் நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்திருந்தும்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அந்த வருஷம் கர்க்கடகம் என்கிற ஆடி மாத மழையில், அந்த ஒன்பதில் ஒரு வீட்டுக்காரர்களான ரெஜியும் அவன் மனைவி பின்சியும் இரண்டு பிள்ளைகளோடு கனடாவிலிருந்து நாலு வாரத்துக்கு வந்தார்கள். வீடு கட்டி ஆறு வருஷம் ஆகிறது. இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் வந்து, கீழ் அறையில் பத்து நாள் தங்கிவிட்டுப் போனார்கள். மேல்மாடியில் தங்குவது இதுதான் முதல் தடவை. மூன்றாம் நாளே ரெஜி போன் செய்தான்.

"அச்சாயா, ஒண்ணு வந்து பாக்கணும். நீங்க செஞ்ச சாமான்தான்."

போனேன். மேல்மாடிப் பெரிய குளியலறையில் வாஷ்பேசினுக்கு அடியில் நான் தொங்கவிட்ட அலமாரி. சாம்பல் நிற மரவரி மைக்கா. என் கையால் செய்ததில் எனக்குப் பிடித்த நாலைந்தில் ஒன்று. அதன் இரண்டு கதவும் அடிப்பக்கத்தில் ஒரு சாண் உயரத்துக்கு, டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி உப்பியிருந்தன. கதவு மூடவில்லை. அடி விளிம்பில் ஒட்டிய பட்டை பிரிந்து தொங்கியது.

"தண்ணி படாதுன்னு சொன்னீங்களே அச்சாயா" என்றான் ரெஜி.

"தண்ணி படாதுன்னு சொல்லல. பட்டா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன்."

"இது ஆயிருக்கே."

எனக்குக் கோபம் வந்தால் பாடம் நடத்துகிற வியாதி உண்டு. மைக்கா என்றால் என்ன தெரியுமா, அது காகிதம்தான், பிசினில் ஊறவைத்த காகிதத்தை அடுக்கி, சூட்டில் வைத்து அழுத்தினால் கல்லாகிவிடும், அதன் மேல் காப்பியைக் கொட்டினாலும் குடிக்காது, துடைத்தால் போய்விடும், உள்ளே இருக்கிற பலகைதான் குடிக்கும், பலகைக்கு வாய் விளிம்பில் இருக்கிறது, விளிம்புக்குப் பட்டை ஒட்டி அடைத்திருக்கிறேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். இவ்வளவு சொன்ன பிறகு, பின் ஏன் உப்பியது என்ற கேள்வி பாக்கி இருந்தது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது வாயை மூடுகிறவன் புத்திசாலி.

"இது தினமும் தண்ணி பாத்த சாமான்" என்றேன். "ஒரு நாள் ரெண்டு நாள் தண்ணி இல்ல. இது பொழங்குன பாத்ரூம்."

ரெஜி பின்சியைப் பார்த்தான். பின்சி தரையைப் பார்த்தாள்.

"யாரு பொழங்குனா?" என்றான் ரெஜி.

நான் தோளைக் குலுக்கினேன். பின்சிதான் மெதுவாகச் சொன்னாள். "போன வருஷம் சோசம்மா சேச்சி மகளுக்குப் பிரசவம் ஆச்சுல்ல? அவங்க வீட்ல பாத்ரூம் வெளியதான இருக்கு, தகரம் போட்டு. நாப்பது நாள் பச்சிலைத் தண்ணியில குளிப்பாட்டணும்ல."

எங்கள் பக்கத்தில் பிரசவக் குளியல் சின்ன விஷயம் இல்லை. அண்டா அண்டாவாக வெந்நீர் கொதிக்கும். நாற்பது நாள் ஆவி. நான் அந்தக் கதவைப் பார்த்தேன். ஆவி என்றால் பொருந்துகிற மாதிரித்தான் தோன்றியது. "இருக்கலாம்" என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் ரெஜி சோசம்மாவிடம், "சாவி கொஞ்ச நாள் எங்கிட்டயே இருக்கட்டும் சேச்சி" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அவளும் சிரித்துக்கொண்டே பச்சைத் துணி கட்டிய சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள். வீட்டுக்காரன் வந்திருக்கிறான், கேட்பது இயற்கைதானே. ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே வாட்ஸாப் குழுவில்தான் குடியிருக்கிறார்கள். புதன்கிழமைக்குள் இன்னும் மூன்று வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. ஒருவர், மச்சான் வந்து சாவி வாங்கிக்கொள்வான் என்றார். ஒருவர், பூட்டு மாற்றப் போகிறோம் என்றார். ஒருவர் ஒன்றுமே சொல்லாமல் ஆளை அனுப்பினார். ஒன்பது ஐந்தாயிற்று. காரணத்தை யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. மீன்காரன்தான் சொன்னான்.

வியாழக்கிழமை என் பட்டறைக்கு வந்தாள். மழையில் நனைந்திருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீதான் சொன்னியா, சாங்குட்டி?"

"நான் உன் பேரச் சொல்லல."

"சாவி எங்கிட்ட. வீட்ல ஆளில்ல. பொழங்குன பாத்ரூம்னு சொன்னா, அது யாரு பேருடா?"

நான் ரம்பத்தை எடுத்து வைத்தேன்.

"எம் மகள நான் குளிப்பாட்டுனது எங்க தெரியுமா? எங்க வீட்டு முத்தத்துல, ஓலத்தட்டி மறப்புல, இந்தக் கையால வெந்நி காச்சி. மழையில அடுப்பு அணைஞ்சு மூணு தடவ பத்தவெச்சேன். ஒம்பது வீட்ல பளிங்கு பாத்ரூமு, சாவி இடுப்புல. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, மனசுல தோணுச்சு. தோணுனதுக்கே அந்த ஞாயித்துக்கெழம குர்பானா அப்பம் எடுக்கல நான்." ஈர முந்தானையைப் பிழிந்தாள். "சரி, நீ செஞ்ச அலமாரி. அது ஏன் உப்புச்சு? சொல்லு."

"தெரியல."

"தெரியாதா?"

"சத்தியமா தெரியல, சேச்சி."

"தெரியாததுக்கு இவ்வளவு வேகமா தொறந்துச்சே வாய்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள்.

அன்றைக்கு எனக்குள் குற்ற உணர்ச்சி பாதி, குழப்பம் பாதி. யோசிக்க யோசிக்க ஒன்றும் ஒன்றோடு சேரவில்லை. யாராவது தினமும் முகம் கழுவியிருந்தால் பேசினைச் சுற்றி, மேல் பலகையில் அல்லவா தண்ணீர் தேங்கும்? மேல் பலகை புதுசு மாதிரி இருந்தது. ஆவி என்றால் மேலே ஏறும். மேலே இருந்த கண்ணாடி அலமாரி ஒரு நூல்கூட உப்பவில்லை. குழாய் ஒழுகியதா என்றால் அலமாரியின் உட்புறம் காய்ந்து கிடந்தது. எல்லாச் சேதமும் கதவில், அதுவும் வெளிப்பக்கத்தில், அதுவும் அடியில். கதவு என்ன தாகமெடுத்துக் கீழிருந்து உறிஞ்சிக் குடித்ததா? சாத்தானே வந்து நாக்கால் நக்கினால்தான் அப்படி ஆகும் என்று நினைத்தேன்.

அதே பலகையில், அதே மைக்காவில் இரண்டு துண்டு வெட்டினேன். ஒன்றுக்கு நாலு பக்கமும் பட்டை ஒட்டினேன். ஒன்றை அப்படியே விட்டேன். இரண்டையும் பக்கெட்டில் முக்கினேன். பட்டை இல்லாதது மறுநாளே தடித்தது. பட்டை ஒட்டியது ஆறு நாளாகியும் கல்லுமாதிரிக் கிடந்தது. அப்படியென்றால் என் வேலையில் தப்பில்லை. என் வேலையில் தப்பில்லை என்றால் தப்பு சோசம்மாவிடம். அவளிடமும் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். பிறகு யாரிடம்?

என் மனைவி ஆலீஸ் பக்கெட்டைச் சுற்றி வந்து பார்த்தாள். "கோழி அடகாக்குற மாதிரி ஆறு நாளா உக்காந்திருக்கீங்களே, குஞ்சு ஏதாச்சும் பொரிச்சுதா?"

"வாய மூடு."

"அதத்தான் அன்னைக்கு நீங்க செஞ்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கப்பைக் கிழங்கு உரிக்கப் போனாள்.

மறுநாள் காலையில் சோசம்மா வீட்டுக்குப் போனேன். "மத்த வீட்ல நான் செஞ்ச அலமாரிய எல்லாம் ஒரு தடவ காட்டு" என்றேன்.

"அஞ்சு சாவிதான் இருக்கு. உம் புண்ணியம்" என்றாள். ஆனாலும் புறப்பட்டு வந்தாள்.

முதலில் தாமஸ் சார் வீடு. ரெஜி வீட்டு வேலை நடந்த அதே மாதத்தில் செய்தது. அதே பலகை, அதே பசை, மாடியில் அதே இடம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கீழே தங்க வருவார், மாடி பூட்டித்தான் கிடக்கும். அலமாரியில் ஒரு குறையும் இல்லை. கதவை மூடினால் டக்கென்று மூடியது.

"இங்கயும் அப்படியேதான் கழுவுவியா?"

"வேற எப்படிக் கழுவுறது? பக்கெட்டுத் தண்ணிய அடிச்சு ஊத்தி, தொடப்பத்தால தேச்சு, துணியால தொடச்சு. ஒம்பது வீட்டுக்கும் ஒரே கையிதான்."

ஒரே மழை, ஒரே பலகை, ஒரே சோசம்மா. ஒன்று உப்புகிறது, ஒன்று உப்பவில்லை. இனிமேல் தச்சு வேலையை விட்டுவிட்டு மீன் விற்கப் போகலாம் என்று வாய்விட்டே சொன்னேன். "மீனு உடனே நாறிடும், மாட்டிக்குவ" என்றாள் சோசம்மா.

அடுத்தது லாலி டீச்சர் வீடு. டீச்சர் மகனோடு அயர்லாந்துக்குப் போய் நாலு வருஷம். குளியலறைக்குள் நுழைந்தபோது வெளிச்சம் குறைவு. கதவைத் தொட்டேன். வழுவழுவென்று, ஆனால் மைக்காவின் வழுவழுப்பு இல்லை. நகத்தால் சுரண்டினேன். பிளாஸ்டிக்.

கம்பெனியிலிருந்து மைக்கா வரும்போது, கீறல் விழாமல் இருக்க முகத்தில் மெல்லிய பிலிம் ஒட்டி வரும். வேலை முடிந்ததும் அதை உரித்துப் போட வேண்டும். இங்கே உரிக்கவே இல்லை. கதவின் அடியில் பிலிமுக்குள்ளே, கண்ணாடிக் குழாயில் நிற்கிற மாதிரி ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கோடாக நின்றது. கட்டைவிரலால் அழுத்தினேன். மூலையில் பிதுங்கிக் கையில் வழிந்தது. நாற்றமடித்தது. பட்டைக்கும் பலகைக்கும் நடுவே நகம் நுழைந்தது; அடிப்பக்கம் உப்பத் தொடங்கியிருந்தது.

நான் அப்படியே அந்த ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாபகம் வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், ரெஜி வீட்டில் கடைசி நாள். பிலிமை உரிக்கக் கை வைத்தபோது பின்சி ஓடி வந்தாள். "உரிக்க வேண்டாம் அச்சாயா. நாங்க வந்து தங்குறப்ப நாங்களே உரிச்சுக்கறோம். அப்பத்தான் புதுசு மாதிரி இருக்கும்." எங்கள் ஊரில் இது எல்லா வீட்டிலும் உண்டு. ஃபிரிட்ஜில் பிலிம், சோபாவில் பிளாஸ்டிக் உறை, சுவிட்சுப் பலகையில்கூட அந்த நீலத்தாள். என்றைக்காவது திரும்பி வந்து வாழப்போகிற வீட்டை இன்றைக்கே யார் பழசாக்குவார்கள்? தாமஸ் சார் மட்டும் கண்டிப்பானவர், அவர் வீட்டில் எல்லாவற்றையும் உரிக்கச் சொல்லிவிட்டார். இந்தத் தடவை ரெஜியின் பிள்ளைகள் வந்த அன்றே போட்டி போட்டுக்கொண்டு பிலிமைக் கிழித்திருக்கிறார்கள். நான் போவதற்குள் அது குப்பையோடு எரிந்துவிட்டது.

சரி, பின்சி சொன்னாள். எனக்கு எங்கே போயிற்று புத்தி? பிலிம் இருந்தாலும் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்காவது அதை உரித்துவிட்டுத்தான் பட்டை ஒட்ட வேண்டும். நான் பிலிமோடு சேர்த்து ஒட்டினேன். இரண்டு மணி நேர வேலை மிச்சம் என்று ஒட்டினேன். பட்டையும் மைக்காவும் ஒன்றையொன்று தொடவே இல்லை, நடுவில் பிலிம் இருந்தது; பிலிமுக்குள் இறங்கிய தண்ணீர் அந்த இடுக்கு வழியாகத்தான் பலகைக்குள் போயிருக்கிறது. என் பக்கெட்டில் கிடந்த துண்டில் பிலிம் இல்லை, அதனால்தான் அது என்னைக் காப்பாற்றியது.

சோசம்மா வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் கழுவுன தண்ணிதான் உள்ள போச்சா?"

"உன் தண்ணிதான். ஆனா போன தண்ணிக்கு வெளிய வர வழியில்ல. பிலிம் இல்லாம இருந்தா நீ தொடச்சதும் காஞ்சிருக்கும். ஜன்னலும் வாரத்துக்கு ஒரு நாள்தான் தொறக்குது. ஆள் வந்து போயிட்டு, காத்து நடமாடிட்டு இருந்தாலும் தப்பிச்சிருக்கும்."

"கெடாம இருக்க ஒட்டுனதா கெடுத்துச்சு?"

"ஆமா."

அவள் கொஞ்சம் முன்னால் வந்து கதவைத் தொட்டுப் பார்த்தாள். "ஆறு வருஷமா அப்ப நான் அந்த வீட்ல பிளாஸ்டிக்கத்தான் தொடச்சிட்டு இருந்தேனா?" என்றாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று மாலையே ரெஜி வீட்டுக்குப் போனேன். என் தப்பு என்று சொன்னேன். இந்த வாயால் இதற்கு முன் அந்த வார்த்தை வந்ததாக ஆலீஸுக்கே நினைவில்லை. புதுக் கதவு செய்து மாட்டித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

ரெஜி நெற்றியைத் தேய்த்தான். "இருங்க அச்சாயா. அன்னைக்கு என்ன சொன்னீங்க? பொழங்குனதால கெட்டுச்சுன்னீங்க. இன்னைக்குப் பொழங்காததால கெட்டுச்சுன்னு சொல்றீங்க. நான் எத நம்புறது?"

"இன்னைக்குச் சொல்றத."

"பிலிம் இருந்துச்சு, சரி. தண்ணி தேங்குச்சு, சரி. அதுக்காக யாரும் குளிக்கலைன்னு ஆயிடுமா?"

"வால்வு மூடிக் கிடந்துச்சேடா."

"வால்வத் தொறக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

பின்சி தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். "சேச்சி பாவம்தான். அவங்களுக்காக நீங்க சொல்றீங்க, புரியுது அச்சாயா" என்றாள் அன்பாக. அந்த அன்பு எனக்கு அடித்த மாதிரி இருந்தது. பொய்யை ஒரு வார்த்தையில் நம்பினவர்கள், உண்மையை ஒரு மணி நேரம் சொல்லியும் நம்பவில்லை. எழுந்து வரும்போது ரெஜி, "சரி, விடுங்க. சாவிய சேச்சிகிட்டயே குடுத்திடறோம். வேற ஆள் யாரு இருக்கா?" என்றான்.

புதுக் கதவை மாட்டியது அவர்கள் புறப்படுவதற்கு நாலு நாள் முன்னால், சனிக்கிழமை. நாலு ஓரமும் பிலிமை உரித்து, பட்டை ஒட்டி, பேசினைச் சுற்றியும் புதிதாக அடைத்தேன். வேலை முடிகிற நேரத்தில் சோசம்மா வந்தாள். ரெஜிதான் வரச் சொல்லியிருந்தான். கையில் ஒரு துணிப்பை. ரெஜி சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினான்.

அவள் கையை நீட்டவில்லை. என்னைப் பார்த்தாள். "சாங்குட்டி, இந்தக் கதவு மறுபடி கெடாம இருக்க என்ன செய்யணும்? இவங்க முன்னாடியே சொல்லு. நாளைக்கு என் தலையில விழக்கூடாது."

சொன்னேன். "தண்ணிய அடிச்சு ஊத்தக்கூடாது. ஈரத்துணியால தொடச்சா அப்பவே காஞ்ச துணியால ஒரு தடவ தொடைக்கணும். ப்ளீச்சிங் பவுடர், ஆசிட்டு, கம்பி நாரு எதுவும் ஆகாது, சோப்புத்தண்ணி போதும். அலமாரிக் கதவத் தொறந்து போடணும். காத்து வேணும். பூட்டிப் பூட்டி வெச்சா எதுவும் நிக்காது. ஆள் பொழங்குற பாத்ரூம் கெடாது."

"கேட்டீங்கல்ல?" என்றாள் சோசம்மா ரெஜியிடம். "ஆள் பொழங்கணுமாம். அப்ப சனிக்கெழமைக்குச் சனிக்கெழம நான் இங்க குளிப்பேன். வால்வத் தொறந்து, குளிச்சிட்டு, தொடச்சிட்டு, மூடிட்டுப் போவேன். சம்மதம்னா சாவியக் குடுங்க. இல்லைன்னா நீங்களே கொண்டு போங்க, கனடாவுக்கு."

ரெஜி பின்சியைப் பார்த்தான். பின்சி என்னைப் பார்த்தாள். நான் திருப்புளியைத் துடைத்தேன்.

"குளிச்சுக்கோங்க சேச்சி" என்றான் கடைசியில், குரல் இறங்கி.

"இன்னைக்கும் சனிதான்" என்றாள். சாவியை வாங்கி இடுப்பில் செருகினாள். துணிப்பையிலிருந்து ஒரு தோர்த்துத் துண்டும் பாதி தேய்ந்த சோப்பும் எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

நாங்கள் மூன்று பேரும் படுக்கையறையில் நின்றோம். தண்ணீர்ச் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். சத்தம் வரவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். உள்ளே எதையோ தட்டுகிற ஒலி கேட்டது. பிறகு கூப்பிட்டாள்.

"சாங்குட்டீ! இதுல கொழாயி எங்கடா இருக்கு?"

"செவத்துல இருக்கே, சேச்சி!"

"செவத்துல ஒரு வெள்ளிக் கம்பிதான் நீட்டிட்டு இருக்கு. நான் வாராவாரம் தொடைக்கிற கம்பி. இதத் திருகுனா வரமாட்டேங்குது. இதுதான் கொழாயா?"

ரெஜி மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தான். ஆறு வருஷம் துடைத்த குழாயைத் திறக்கத் தெரியாத பொம்பளையைத்தான் நாங்கள் மூன்று வாரம் சந்தேகப்பட்டோம். எனக்குச் செத்துப்போகலாம் போல வெட்கமாக இருந்தது.

பின்சி ஓடிப்போய்க் கதவில் நெற்றியை வைத்து நின்றாள். "திருகாதீங்க சேச்சி, மேல தூக்குங்க" என்றாள். "இடது பக்கம் தள்ளுனா வெந்நி."

தண்ணீர் கொட்டுகிற சத்தமும், கூடவே ஒரு அலறலும் கேட்டது. "அய்யோ கர்த்தாவே, தலைக்கு மேலேருந்து வருது! பிள்ளே, சுடுது, சுடுது! இத நிறுத்தறது எப்படி?"

"கதவத் தொறங்க சேச்சி, நான் வந்து காட்டறேன்."

"துணியில்லாம நிக்கிறேன், எப்படித் தொறக்க? அங்க நின்னே சொல்லு."

"வலது பக்கம் கொஞ்சமாத் தள்ளுங்க" என்று பின்சி அழுதுகொண்டே சொன்னாள். "கொஞ்சமா, சேச்சி. இன்னும் கொஞ்சம்."